நான்கு வருஷமாக ஆர்சிஸ்லாக் டெம்ப்ளேட்டுகளோடு: கடலூரிலிருந்து ஓர் அனுபவம்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன கேபிள் இன்டர்நெட் நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மஞ்சக்குப்பம், செம்மண்டலம், ஓ.டி. (ஓல்ட் டவுன்), நெல்லிக்குப்பம் என்று பரவிக் கிடக்கும் ஓஎல்டி (வீடுகளுக்குப் போகும் ஃபைபர் லைன்களைச் சேர்த்துப் பிடிக்கும் பெட்டி), ஸ்விட்ச், ரூட்டர் எல்லாம் தங்கள் லாகை, அதாவது என்ன நடந்தது என்ற பதிவுகளை, ஒரே லினக்ஸ் பெட்டிக்கு அனுப்புகின்றன. அங்கே அதை வாங்கிக் கோப்பில் எழுதும் மென்பொருள் ஆர்சிஸ்லாக். 2021இல் நிறுவினேன்.

அப்போது ஃபார்மட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. தேதி, பெட்டியின் பெயர், பிறகு செய்தி. அதுவாக எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன். அலுவலக மானிட்டரில் நன்றாகத்தான் இருந்தது. லைன்மேன் கம்பத்தில் ஏறி நின்று போனில் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பாதித் திரையைத் தேதியும் மீதியை நீளமான பெயரும் தின்றுவிடும். “அண்ணா, என்ன எரர்னு பார்க்க வலது பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கணும்” என்றார். ஒரு கை கம்பத்தைப் பிடித்திருக்கும் ஆளிடம் அதைச் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் எது எந்த வரிசையில் வர வேண்டும் என்று சொல்வதுதான் டெம்ப்ளேட். அதை எழுதுவது கஷ்டமில்லை. சதவீதக் குறிகளுக்கு நடுவே வேண்டிய புலத்தின் (நேரம், செய்தி போன்ற ஒரு பகுதியின்) பெயரைப் போட்டால் அந்த இடத்தில் மதிப்பு வந்து உட்காரும். லைன்மேனுக்கு மணி, ஊர், செய்தி மட்டும். ஊர்ப் பெயரை ஐபி முகவரியிலிருந்து எடுக்க லுக்கப் டேபிள் என்று ஒன்று இருக்கிறது. முகவரிக்கு நேராகப் பெயர் எழுதிய ஒரு ஜேசான் கோப்பு (பெயரும் மதிப்புமாக மேற்கோளுக்குள் எழுதும் உரை வடிவம்), அவ்வளவுதான். புதுப் பெட்டி வந்தால் ஒரு வரி சேர்த்து ஹப் (HUP) சிக்னல், அதாவது ‘கோப்பை மறுபடி படி’ என்ற குறிப்பு, அனுப்பினால் போதும், சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த வசதி இதுதான்.

ஆசைப்பட்டு ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட்டேன். வரிசை நேராக நிற்கட்டும் என்று இருபதோடு வெட்டச் சொன்னேன். அது வெட்டுவது எழுத்துக் கணக்கில் அல்ல, பைட் கணக்கில். தமிழை கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘மஞ்சக்குப்பம்’ மட்டுமே 39 பைட். நடு எழுத்தில் வெட்டுப்பட்டுக் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரங்களாக வந்தது. சரி என்று ‘எம்கேபி’, ‘ஓடி’ என்று ஆங்கிலச் சுருக்கத்துக்கே திரும்பினேன். ஓ.டி.யை ஓ.டி. என்று சொல்ல ஊரில் யாருக்கும் தயக்கமில்லை.

உண்மையான அடி 2024 நவம்பர் 30 ராத்திரி விழுந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது எங்களுக்கும் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, பெட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்து எழுந்தன. மறுநாள் எது முதலில் விழுந்தது என்று டாஷ்போர்டில் (எல்லா நிகழ்வுகளையும் காட்டும் அலுவலகத் திரையில்) தேடினால் பாதி நிகழ்வுகளைக் காணோம். எல்லாம் மார்ச் 1இல் போய் உட்கார்ந்திருந்தன! சில ஸ்விட்சுகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. எழுந்ததும் மார்ச் 1, 1993இலிருந்து எண்ணத் தொடங்கும், நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் என்டிபி கிடைக்கும்வரை அதே கதை. பெட்டிகள் லாக் அனுப்பும் பழைய சிஸ்லாக் முறையில் (2001இல் எழுதிவைத்த ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணம்) தேதியில் வருஷமே இருக்காது. அதனால் அது 1993 என்றுகூடத் தெரியாமல் நடப்பு வருஷத்து மார்ச்சாகிவிட்டது.

தப்பு என்னுடையது. ஆர்சிஸ்லாக்கிடம் இரண்டு நேரம் இருக்கிறது: பெட்டி சொன்ன நேரம், செய்தி நம்மிடம் வந்து சேர்ந்த நேரம். நான் முதலாவதை மட்டும் எழுதியிருந்தேன். இப்போது வரியில் வந்த நேரம் முதலில், வருஷத்தோடும் டைம்ஸோனோடும். பெட்டியின் நேரம் கடைசியில். வரிசைப்படுத்துவது எப்போதும் வந்த நேரத்தை வைத்து. இரண்டும் ரொம்ப விலகி நின்றால் அந்தப் பெட்டியில் என்டிபியைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம்.

டாஷ்போர்டுக்குத் தனியாக ஒரு ஜேசான் கோப்பு போகிறது. அதை முதலில் கையால் மேற்கோள் போட்டுக் கோத்திருந்தேன். செய்திக்குள்ளேயே இரட்டை மேற்கோள் வந்த அன்று உடைந்தது. புலத்துக்குப் பக்கத்தில் ‘ஜேசான்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் அதுவே பார்த்துக்கொள்கிறது. அப்புறம் மூன்றாவதாக, வந்த செய்தியைக் கை வைக்காமல் ஒரு கோப்பில் சேமிக்கிறேன். டிஸ்க் கொஞ்சம் போகும், போகட்டும். வடிவம் மாற்றும்போது எதையாவது தொலைத்தேனா என்று பார்க்க எனக்கு வேறு சாட்சி கிடையாது.

குறை என்றால், டாலர் குறியோடு தொடங்கும் பழைய கட்டளை நடையும் புது நடையும் ஆர்சிஸ்லாக்கின் ஒரே அமைப்புக் கோப்பில் கலந்து நிற்கலாம். நான் கலந்தேன், அவதிப்பட்டேன். இன்னொன்று, தீவிரத்தை வைத்து நிறம் போட்டது. எங்கள் ஸ்விட்சுகளில் சில, போர்ட் விழுந்தாலும் தீவிரம் 3 (‘பிழை’ என்று பொருள்), எழுந்தாலும் 3 என்றே அனுப்பும். லைன் சரியானதும் திரை சிவப்பாக, ராத்திரி ஷிப்ட் தம்பி பதறிப்போய் என்னை எழுப்பினான். இப்போது செய்தியில் இருக்கும் சொல்லைப் பார்த்து நிறம் போடுகிறேன்.

போன வாரம் வண்டிப்பாளையத்தில் வைத்த பெட்டி இன்னும் லுக்கப் டேபிளில் ஏறவில்லை. அதன் வரியெல்லாம் ‘தெரியாது’ என்றே வருகிறது. லைன்மேன் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.