கியூட்செஸ்: எஞ்சின் போட்டிக்கு எவ்வளவு தாங்கும்?

செஸ் எஞ்சின்களை, அதாவது தானே செஸ் ஆடும் நிரல்களை, மோதவிட இலவசமாகக் கிடைப்பவற்றில் கியூட்செஸ் தாராளமாகப் பரிந்துரைக்கக்கூடியது. ஜன்னல் வடிவமும் உண்டு. போட்டி நடத்த அதன் கட்டளைவரி வடிவமே வசதி. எஞ்சினோடு பேசும் யூசிஐ, எக்ஸ்போர்ட் (XBoard) இரண்டு நெறிமுறையும் அதற்குத் தெரியும் என்பதால் பழைய எஞ்சின்களையும் சேர்க்கலாம். எல்லா எஞ்சினும் ஒரே கணினியில் ஓடும்வரை பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆளுக்கொரு இடத்திலிருந்து இணையும்போதுதான் சோதனை.

முதலில் கணக்கு. 8 எஞ்சின், ரவுண்ட் ராபின் (ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் மோதுவது) என்றால் 28 ஜோடி. ஜோடிக்கு 20 ஆட்டம் வைத்தால் 560. ஆளுக்கு 60 வினாடி, நகர்த்தலுக்கு 0.6 வினாடி கூடுதல் என்றால் 80 நகர்த்தல் வரை போகும் ஆட்டம் அதிகபட்சம் 3.6 நிமிடம். 8 கோர் கணினியில் ஒரே நேரத்தில் 6 ஆட்டம் ஓடினால் ஆறு மணி நேரத்துக்குள் முடியும். மீதி இரண்டு கோரையும் நிரப்ப ஆசை வரும், வேண்டாம். இயங்குதளம் கோர் கேட்கும் கணத்தில் பாவம், ஏதோ ஒரு எஞ்சின் நேரம் கடந்து தோற்கும். பாண்டர் (எதிராளியின் நேரத்திலும் யோசிப்பது) அணைந்திருக்க வேண்டும். ஹாஷ் (எஞ்சின் பயன்படுத்தும் நினைவகம்) 256 எம்பி என்றால், 6 ஆட்டத்தில் ஓடும் 12 எஞ்சினுக்கு அதுவே 3 ஜிபி.

ஆட்டத் தொடக்கங்கள் அடங்கிய ஓப்பனிங் கோப்பு கொடுக்கும்போது ரிப்பீட் கட்டளையையும் சேர்த்துவிடுங்கள். அதே தொடக்கத்தை நிறம் மாற்றி இருவரும் ஆடினால்தான் நியாயம்.

தோற்கும் நிலையில் உள்ள ஆட்டத்தை முன்பே முடிக்கும் ரிசைன் வசதி நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. யூசிஐ விதிப்படி, நிலை யாருக்குச் சாதகம் என்று எஞ்சின் சொல்லும் மதிப்பெண், நகர்த்தும் எஞ்சினின் பார்வையில் வர வேண்டும். புதிதாக எழுதப்பட்ட சில எஞ்சின்கள் எப்போதும் வெள்ளையின் பார்வையிலேயே சொல்லும். கறுப்பில் ஆடி ஒரு ராணி கூடுதலாக வைத்திருக்கும் எஞ்சின் மைனஸ் 9 என்று எழுதும். கியூட்செஸ் அதை நம்பித் தோல்வி எழுதிவிடும். அதனால் முதல் 10 ஆட்டத்தை ரிசைன் இல்லாமல் ஓட்டி, ஆட்டங்கள் பதிவாகும் பிஜிஎன் கோப்பில் நகர்த்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் மதிப்பெண்ணின் குறியைப் பாருங்கள்.

டெர்மினலில் நன்றாக ஓடிய எஞ்சின் இங்கே பேச்சுமூச்சில்லாமல் நின்றால், பெரும்பாலும் அது வெளியீட்டை ஃப்ளஷ் செய்யவில்லை, அதாவது உடனே வெளியே தள்ளவில்லை. கியூட்செஸ்ஸோடு இணைக்கும் பைப்பில் எழுதும்போது பதில் பஃபரிலேயே (தற்காலிக நினைவகத்திலேயே) தங்கிவிடுகிறது. விழுந்த எஞ்சினை மறுபடி தொடங்கும் ரெக்கவர் கட்டளையைச் சேர்க்காவிட்டால் ஒரு எஞ்சின் விழுந்ததும் மொத்தப் போட்டியும் நிற்கும்.

இனி தொலைவு. எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக வேறு கணினியில் இருக்கும் எஞ்சினை இணைக்கலாம். ஆனால் வலைத் தாமதம் அதன் கடிகாரத்தில்தான் விழும்: 150 மில்லிவினாடி வீதம் 80 நகர்த்தலுக்கு 12 வினாடி போச்சு. டைம் மார்ஜின் (நேரம் கடந்தாலும் பொறுக்கும் சலுகை) தோல்வியைத் தடுக்குமே தவிர இழந்த நேரத்தைத் திருப்பித் தராது. ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில் மூவ் ஓவர்ஹெட் (தாமதத்துக்காக ஒதுக்கும் நேரம்) இயல்பாக 10 மில்லிவினாடிதான். அதை 300 ஆக்கி, கூடுதல் நேரத்தை 2 வினாடியாக உயர்த்துங்கள். இணைப்பு அறுந்தால் அந்த ஆட்டம் தோல்விதான். ரெக்கவர் அடுத்த ஆட்டத்துக்குத்தான் கைகொடுக்கும்.

நேரலை காட்ட நினைப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது: கட்டளைவரி வடிவத்தில் ஆட்டம் முடிந்த பிறகே பிஜிஎன் எழுதப்படும். நடுவில் நகர்த்தல்களைக் காட்ட, டீபக் (debug) வெளியீட்டிலிருந்து எடுத்துத் தரும் சிறு நிரலை நீங்களே எழுத வேண்டியிருக்கும்.