பப்புக்குள் பிள்ளைகள்: விடலாமா, கூடாதா?

கிருஷ்ணகிரியில் நமக்குப் பழக்கம் டாஸ்மாக் பார்தான். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் பெங்களூரு பப்கள். அதனால் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

விடலாம் என்பவர்கள் இங்கிலாந்தைக் காட்டுவார்கள். அங்கே பப் என்பது பாதி சாப்பாட்டுக்கடை. 16 வயது ஆகாத பிள்ளைகள் பெரியவர்களோடு வரலாம். மது வாங்க 18 ஆக வேண்டும். ஞாயிறு மதியம் தாத்தா ஒரே ஒரு பீரோடு எழுந்துவிடுவதைப் பேரன் பார்க்கிறான். குடி என்றாலே ஒளிந்து செய்வது என்று அவனுக்குத் தோன்றாது. பிள்ளை பக்கத்தில் இருந்தால் அப்பாவின் கையும் கொஞ்சம் அடங்கும் (எல்லா அப்பாவுக்கும் இல்லை). ஆனால் இரவு ஏற ஏறச் சத்தமும் ஏறும். சாப்பாடு முதன்மையான இடமென்றால் பகலில் சரி, அவ்வளவுதான் என் சம்மதம்.

கூடாது என்பதற்கு நம்மூர் பாரே போதும். பிளாஸ்டிக் டம்ளர், சுண்டல், ஈரத்தரை, அவசரம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? ஆனால் பையனை வாசலில் பைக் மேல் உட்காரவைத்து, "இதோ வந்துடறேன்" என்று உள்ளே போகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சலாக இருக்கிறது. உள்ளே விடவில்லை, சரி. வெளியே வெயிலில் முக்கால் மணி நேரம்?