சி.ஆர்.பி.யா, நாடி அலையா? இரண்டும் எடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த வயதை நானும் நெருங்கிவிட்டேன். டாக்டர் இரண்டு சோதனைகளைச் சொன்னார். ஒன்று, உடம்பில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) எவ்வளவு என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. இன்னொன்று, ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று நேராகவே அளக்கும் நாடி அலை வேகம். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தேன். இப்போது நான் நாடி அலைக் கட்சி.

சி.ஆர்.பி.க்கு வசதி அதிகம். பெரும்பாலான லேப்களில் எடுக்கலாம், ஒரு ஊசிக்குத்தோடு முடிந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 3-ஐத் தாண்டினால் கவலை. எனக்கு 7.2 வந்தது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் உப்புத் தண்ணீரைக் கொப்பளிக்கும்போதுதான் உறைத்தது: கடைவாய்ப் பல் பக்கம் ஈறு வீங்கியிருந்தது! அது வற்றி மூன்று வாரம் கழித்து எடுத்தால் 1.6.

இது கல்லீரல் சுரக்கும் புரதம். ஈறோ, மூட்டோ, சளியோ, எங்கே அழற்சி என்றாலும் ஏறும். எங்கே என்று சொல்லாது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுக்கச் சொல்வதும், 10-ஐத் தாண்டினால் முதலில் தொற்றைத் தேடச் சொல்வதும் இதனால்தான்.

நாடி அலைக்குப் பத்து நிமிடம் பேசாமல் படுக்க வேண்டும். கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பிடித்து, இதயத்திலிருந்து கிளம்பும் அலை என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். குழாய் விறைக்க விறைக்க அலை வேகமாக ஓடும். நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் உஷாராக வேண்டும். ஈறு வீங்கிய அன்று எனக்கு 9.4, மூன்று வாரம் கழித்து 9.2. என்னை இந்தப் பக்கம் இழுத்தது இந்த நிதானம்தான்.

அழற்சி இதையும் அசைக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆரோக்கியமானவர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டுப் பார்த்த கிரேக்க ஆய்வு ஒன்று 2005-இல் வந்தது. சில மணி நேரத்திலேயே அலை வேகம் கூடியது. ஆனால் அரை மீட்டர்கூட இல்லை.

இதிலும் தொல்லை உண்டு. அன்றைய பிரஷர் கூடினால் வேகமும் கூடும், அதனால் சோதனைக்கு முன் காபி கூடாது. கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அளக்கும் மெஷின் வேறு. அதன் எண் கூடுதலாகவே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குழம்பக் கூடாது. நான் எடுத்ததே இரண்டு முறைதான், பத்து வருடக் கதையெல்லாம் என்னிடம் இல்லை.

அக்காவுக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகளில் அழற்சி வரும் நோய். அழற்சி அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் அவளுக்கு முக்கியம், அதனால் அவள் கேட்டால் சி.ஆர்.பி.யைத்தான் சொல்வேன். முடக்குவாதத்தில் குழாயும் சீக்கிரம் விறைக்கிறது. அழற்சியை அடக்கும் ஊசி போட்டால் சி.ஆர்.பி.யோடு அலை வேகமும் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். சி.ஆர்.பி.க்கு இன்னொரு பலமும் உண்டு. 2017-இல் வெளிவந்த கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் 2-க்குக் குறையாமல் இருந்த சுமார் 10,000 பேரைச் சேர்த்தார்கள். கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் மருந்தால் குறைத்ததில், சோதித்த டோஸ் அளவுகளில் ஒன்றில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன.

எங்கள் ஊரில் நாடி அலை மெஷின் கிடையாது, மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஜனவரியில் மறுபடி போகிறேன், அதே மெஷின்தான் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு.