மேனேஜர் நாற்காலியா, ஸ்டாஃப் இன்ஜினியர் பாதையா?

சில வருடம் கோட் எழுதி சீனியர் ஆனவரிடம் ஏதாவது ஒரு அப்ரைசலில் "டீமை எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். பல சர்வீஸ் கம்பெனிகளில் (மற்ற நிறுவனங்களுக்காக மென்பொருள் வேலை செய்துகொடுப்பவை) லீடுக்கு அடுத்தது மேனேஜர்தான். சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் ப்ராடக்ட் கம்பெனிகள் பலவற்றில் இன்னொரு ஏணியும் உண்டு: சீனியருக்கு மேலே ஸ்டாஃப், அதற்கும் மேலே பிரின்சிபல் என்று, ஆட்களை நிர்வகிக்காமல் இன்ஜினியராகவே மேலே போகலாம்.

இரண்டும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கூகுளின் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவரையும் பார்க்கலாம். ஒரே கணினி முன் சேர்ந்து உட்கார்ந்து கோட் எழுதியவர்கள். பெரிய அளவு தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கணக்கிடும் முறையான மேப்ரெடியூஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2004-இல் சேர்ந்தே எழுதினார்கள். இருவருமே இன்ஜினியர் ஏணியின் உச்சியான சீனியர் ஃபெல்லோ நிலைக்கு உயர்ந்தார்கள். 2018-இல் கூகுளின் ஏஐ பிரிவுக்கே டீன் தலைவரானார். கெமாவத் தனக்குக் கீழே ஆள் வைத்துக்கொள்ளாமல் கோட் பக்கமே இருந்தார். 2023-இல் டீன் தலைமை விஞ்ஞானி ஆனார். அவரவர்க்குப் பிடித்த வேலை வேறு, அவ்வளவுதான்.

மேனேஜர் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். காலையில் ஒன்-ஆன்-ஒன், அதாவது டீமில் ஒருவரோடு தனியாகப் பேசும் சந்திப்பு. டீமிலேயே நன்றாக வேலை செய்யும் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "வேற ஆஃபர் வந்திருக்கு, உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன்" என்கிறார். மதியம் ரேட்டிங் கூட்டம்; உழைத்த இருவரில் ஒருவருக்குத்தான் ப்ரமோஷன். கிடைக்காதவரிடம் ஏன் என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும். அன்று ஒரு வரி கோட்கூட எழுதியிருக்க மாட்டீர்கள், ஆனால் வேலை முழுசாக நடந்திருக்கும். இது வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் கூகுளின் ஆரம்ப கால அனுபவத்தைப் பார்க்கலாம். இன்ஜினியரிங் மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தார்கள். செலவுக் கணக்கிலிருந்து சண்டை சச்சரவு வரை எல்லாம் நேராக நிறுவனர் லாரி பேஜிடம் போய் நின்றது. சில மாதங்களில் மேனேஜர்கள் திரும்பி வந்தார்கள்.

ஸ்டாஃப் ஆனால் நாள் முழுக்கக் கோட் எழுதலாம் என்ற நம்பிக்கையும் சரியில்லை. ஒரு பேமெண்ட் சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். அதை நான்கு டீம்கள் பயன்படுத்துகின்றன. குறித்த நேரத்தில் பதில் வராமல் டைம்-அவுட் ஆனால் ஒவ்வொரு டீமும் தன் இஷ்டத்துக்கு ரீட்ரை செய்கிறது, அதாவது அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து இரண்டு தடவை பணம் போகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும். கோட் சின்னதுதான். நான்கு டீமையும் ஒத்துக்கொள்ள வைப்பதில்தான் மாதங்கள் போகும். அவர்களில் யாரும் உங்களுக்கு ரிப்போர்ட் செய்வதில்லை. டிசைன் டாக்குமெண்டும் பொறுமையும்தான் கையில் இருப்பவை. என் பார்வையில் மேனேஜர் வேலையைவிடத் தனிமையானது இதுதான். பலன் தெரிய நாளாகும். தெரியும்போது உங்கள் பெயர் அதில் இருக்குமா என்பதும் சந்தேகம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: தொழில்நுட்ப முடிவுகளை எடுக்கும் டெக் லீடும் நீங்களே, மேனேஜரும் நீங்களே. மூன்று நான்கு பேர் டீமுக்குச் சரி. எட்டுப் பேரானால், பகல் முழுக்க மீட்டிங், கோட் ரிவ்யூ இரவு பதினொரு மணிக்கு. உங்கள் அப்ரூவலுக்காக பிஆர்கள் (கோடில் சேர்க்கக் கேட்டு அனுப்பும் மாற்றங்கள்) தேங்கி நிற்கும், ஜூனியர்கள் காத்துக் கிடப்பார்கள். "ரெண்டையும் பார்த்துக்கோங்க" என்று சொன்னால், எத்தனை பேர் வரை, எவ்வளவு நாள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு ஜூனியர் தானாகவே ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டால் உங்களுக்குச் சந்தோஷம் வருகிறதா? மேனேஜர் பக்கம் போங்கள். 'இதை நான் எழுதியிருக்கலாமே' என்று மனசு அடித்துக்கொண்டால் ஸ்டாஃப் பக்கம். சம்பளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்; இரண்டு ஏணியும் உண்மையாகவே இருக்கும் இடத்தில் ஒரே கிரேடுக்குப் பெரும்பாலும் ஒரே சம்பள வரம்புதான்.

எதற்கும் தலையாட்டும் முன் ஹெச்ஆரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த அலுவலகத்தில் மேனேஜருக்குச் சமமான கிரேடில் இன்று யாராவது இன்ஜினியர் இருக்கிறாரா? மேனேஜராகப் போய்ப் பிடிக்காமல் கோடுக்குத் திரும்பினால் கிரேடு குறையுமா? முதல் கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால், ஸ்டாஃப் ஏணி அங்கே பேப்பரில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பாதைதான் வேண்டும் என்பவர்கள் வேறு கம்பெனி பார்க்கலாம்.