காலிபிளவரில் திசு வளர்ப்பு: நாகர்கோவில் பயிற்சி வகுப்பு பற்றி

நாகர்கோவிலுக்கு அருகே தனியார் திசு வளர்ப்பு ஆய்வகம் ஒன்று நடத்தும் ஒரு நாள் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். செடியின் சிறு துணுக்கைக் குடுவையில் ஊட்டமிட்டு முழுச் செடியாக வளர்ப்பதே திசு வளர்ப்பு. மட்டியும் செவ்வாழையும் நேந்திரனும் விளையும் நம் மாவட்டத்தில் திசு வளர்ப்பு என்றாலே வாழைக்கன்றுதான் நினைவுக்கு வரும். இவர்களோ செய்முறைக்கு வடசேரிச் சந்தையில் வாங்கிய காலிபிளவரை எடுத்துக்கொண்டார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காய் இல்லை.

வாழையில் கிழங்கின் நடுவே மறைந்திருக்கும் வளர்முனையை, அதாவது புதுத் துளிர் உருவாகும் நுனியை, சேதமின்றிப் பிரித்தெடுக்கப் பழகிய கை வேண்டும். காலிபிளவரிலோ நாம் உண்ணும் வெள்ளைப் பகுதியின் மேற்பரப்பு முழுவதும், பூவாக விரியாமல் நின்றுவிட்ட ஆயிரக்கணக்கான வளர்முனைகளே என்பதால், எங்கே நறுக்கினாலும் துளிர்க்கக்கூடிய திசு கிடைத்துவிடுகிறது. துணுக்குகளைக் கிருமி கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அமிழ்த்தி, கிருமி நீக்கிய நீரில் அலசி, 1962-இல் முராஷிகே, ஸ்கூக் என்னும் தாவர அறிவியலாளர்கள் வெளியிட்ட ஊட்டக்கலவையில், துளிர்க்கத் தூண்டும் சைட்டோகைனின் என்னும் ஹார்மோனைச் சேர்த்து வைக்கும் வரை ஒவ்வொருவரையும் தம் கையாலேயே செய்யவைத்தார்கள். சர்க்கரை கலந்த ஊட்டத்தில் செடியை முந்திக்கொண்டு பூஞ்சை வளர்ந்துவிடும் என்பதைக் கெட்டுப்போன குடுவைகளைக் காட்டியே புரியவைத்தது நல்ல ஆசிரியருக்கு அடையாளம்.

பிற்பகலில் இக்காய்களின் பூர்விகத்தைச் சொன்னார்கள். முட்டைக்கோஸ், காலிபிளவர், புரோக்கோலி, நூக்கல் ஆகிய அனைத்தும் பிராசிகா ஒலரேசியா என்னும் ஒரே இனம். கிழக்கு மத்தியதரைக் கடலோரத்துக் காட்டுச் செடியிலிருந்து இலைக்காகவும் தண்டுக்காகவும் பூமொட்டுக்காகவும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் இத்தனை வடிவங்கள் பிரிந்தன. காலிபிளவர் 1822-இல் சகாரன்பூர் தோட்டத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. நாம் தாளிக்கும் கடுகும் இக்குடும்பமே. 10 இணைக் குரோமோசோம் கொண்ட ஓர் இனமும் 8 இணை கொண்ட மற்றோர் இனமும் கலந்து 18 இணையுடன் கடுகு உருவானதை 1935-இல் நாகஹாரு யூ என்னும் தாவரவியலாளர் விளக்கிய பகுதியை இன்னும் நெடுநேரம் கேட்டிருப்பேன்.

குறைகளும் உண்டு. குடுவையில் வளரும் செடியின் இலையில் மெழுகுப் பூச்சு குறைவு. ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்து வெளிக்காற்றுக்குப் பழக்காவிட்டால் வாடிவிடும். அந்தக் கடினப்படுத்தும் கட்டத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். வயலுக்கான காலிபிளவர் நாற்றுகள் பெரும்பாலும் விதையிலிருந்தே வருகின்றன, திசு வளர்ப்பு விதை உற்பத்திக்கான பெற்றோர் வகைகளைக் காப்பதற்கும் ஆய்வுக்குமே மிகுதியும் பயன்படுகிறது என்பதையும் விவசாயிகளிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது.

தாவரவியல் மாணவர்களும் ஆசிரியர்களும் தயங்காமல் செல்லலாம். வாழைக்கன்று வாங்கும் எண்ணமுள்ளவர்கள் வேறொரு நாளில் செல்வது நல்லது. பயிற்சி நாளில் விற்பனை கிடையாது.