‘அட்வான்ஸ்டு இ.எம்.டி.’ பயிற்சி என்று பணம் கேட்கிறார்களா? கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆம்புலன்ஸ் வேலைக்குப் போக ஆசைப்படும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு தனியார் மையத்தில் ‘ஆறு மாத அட்வான்ஸ்டு இ.எம்.டி.’ (இ.எம்.டி. என்றால் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருபவர்) படிப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து 95,000 ரூபாய் போயிருக்கிறது. கையில் மிஞ்சியிருப்பது எந்த ஆஸ்பத்திரியும் வாங்கிப் பார்க்காத ஒரு சான்றிதழ். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. இவர்களுக்குப் பெயர்ப்பலகையை மாற்ற ஒரு வாரம் போதும். பேசும் பேச்சு மட்டும் மாறாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். வீடு கடலூர் முதுநகரில், அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் பணம் புரட்டினோம். விசாரிக்காமல் ஒன்றும் கட்டவில்லை. மாமாவும் நானும் நேரில் போய் ‘அங்கீகாரம் இருக்கிறதா’ என்று கேட்டோம். சுவரில் வரிசையாக ஃபிரேம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார்கள். அரசு முத்திரையோடு ஒன்று, ஐ.எஸ்.ஓ. என்று ஒன்று, உத்யம் என்று ஒன்று. பின்னால் ஒவ்வொன்றாக விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. முத்திரை போட்டது டிரஸ்ட் பதிவுப் பத்திரம். ஒரு டிரஸ்டைப் பதிவு செய்தார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உத்யம் என்பது சிறு, குறு தொழில் பதிவு. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக நடைமுறைக்குக் கொடுப்பது, படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றுமே உண்மையான காகிதங்கள். மூன்றில் எதுவும் ‘இந்த மையம் ஆம்புலன்ஸ் பயிற்சி தரலாம்’ என்று சொல்லவில்லை. ‘அரசு பதிவு பெற்றது’ என்று நோட்டீஸில் அவர்கள் போட்டதற்கு அந்த டிரஸ்ட் பத்திரம்தான் ஆதாரம்.

அடுத்தது அமெரிக்கக் கதை. படிப்பு முடிந்ததும், ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமெரிக்காவின் நேஷனல் ரெஜிஸ்ட்ரியின் சான்றிதழ் வரும், அதை வைத்து துபாய் போகலாம் என்றார்கள். உண்மை என்ன என்றால், அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் பணிக்கு நான்கு படிகள் உண்டு: எமர்ஜென்சி மெடிக்கல் ரெஸ்பாண்டர், இ.எம்.டி., அட்வான்ஸ்டு இ.எம்.டி., பாராமெடிக். இ.எம்.டி. தேறிய பிறகுதான் அட்வான்ஸ்டுக்கே போக முடியும். நரம்பில் ஊசி ஏற்றி டிரிப்ஸ் போடுவது, ஐ-ஜெல் மாதிரியான மூச்சுக் கருவி பொருத்துவது, சர்க்கரை இறங்கிக் கிடப்பவருக்கு டெக்ஸ்ட்ரோஸ், வீசிங்குக்கு நெபுலைசர், கடும் அலர்ஜிக்கு எபிநெஃப்ரின் என்று உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வேலைகள் அந்தப் படியில் வருகின்றன. நேஷனல் ரெஜிஸ்ட்ரி 1970இலிருந்து இருக்கும் அமைப்பு. அங்கே ஒரு மாநிலத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவர்களைத்தான் அது தேர்வுக்கு விடும். புதுச்சேரி மாடி அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு அந்தச் சான்றிதழை வாங்க வழியே கிடையாது. துபாய் கதையும் அப்படித்தான். வளைகுடாவில் சுகாதாரப் பணி உரிமம் கேட்டால், டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பில் சான்றிதழ் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். இந்தக் காகிதத்தை அங்கே நீட்ட முடியாது.

நம் நாட்டிலும், சுகாதாரத் துறை வேலைகளுக்கான தகுதிகளை வகுக்கும் ஹெல்த் செக்டர் ஸ்கில் கவுன்சிலின் தகுதிகளில் பேசிக் வேறு, அட்வான்ஸ்டு வேறு. 2021இல் வந்த தேசிய துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவசர மருத்துவப் பணியும் இருக்கிறது. துணை மருத்துவப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள, இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோவோ பட்டமோ வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆறு மாதம், அதுவும் சனி ஞாயிறு மட்டும் வகுப்பு வைத்தால் எத்தனை மணி நேரம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பறையைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோருக்குமாக ஒரே ஒரு சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்தி, மூச்சுக் கொடுக்கும் முதலுதவி) பொம்மை. மார்பை அழுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமுங்கி அப்படியே நிற்கும். உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டால்தான் அடுத்த அழுத்து. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை வைத்து அமுக்கினால், பொம்மைக்குள் இருக்கும் பை கிழிந்திருந்ததால், காற்று கழுத்தோரம் புஸ்ஸென்று வெளியே போகும். மார்பு எழும்பியதை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்து, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், ஒவ்வொரு அழுத்துக்கும் பிறகு மார்பு முழுசாக மேலே வர வேண்டும், 30 அழுத்துக்கு 2 மூச்சு. போர்டில் இதை எழுதிப் போட்டார்கள். மேலே வராத பொம்மையில் இதை எப்படிப் பழகுவது? ஊசி ஏற்றும் பயிற்சிக்கு டிரிப்ஸ் டியூபை மேஜையில் செலோடேப் போட்டு ஒட்டி, ஒரே வென்ஃப்ளானை (நரம்பில் ஏற்றும் ஊசிக் குழாய்) எல்லோரிடமும் சுற்றவிட்டார்கள். என் முறை வந்தபோது அதன் முனை டியூபின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. டாக்டர் பாடம் எடுப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் திறப்பு விழா அன்று குத்துவிளக்கு ஏற்றியதோடு சரி.

இதையெல்லாம் விட மோசம், தப்பாகச் சொல்லிக் கொடுத்தது. சர்க்கரை நோயாளி நினைவில்லாமல் கிடந்தால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றலாம் என்று பாடம் எடுத்தவர் சொன்னார், நாங்களும் நோட்டில் எழுதிக்கொண்டோம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கி ஆளையே முடித்துவிடும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிவது இதற்காகத்தான். பணம் போனால் என் வீட்டுக் கஷ்டம். அந்த நோட்டை நம்பி யாராவது ஒரு பிள்ளை தனியார் ஆம்புலன்ஸில் ஏறியிருந்தால், பின்னால் படுத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்?

‘ஹாஸ்பிடல் போஸ்டிங்’ என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு எங்களை அனுப்பினார்கள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஐடி கார்டுமாகப் போய் நின்றோம். டியூட்டி சிஸ்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரும்மா நீங்கள்லாம்? லெட்டர் எங்கே?” என்று கேட்டார். லெட்டர் இல்லை. மையத்துக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. “பேஷண்ட் மேல யாரும் கை வைக்காதீங்க, அந்த ஓரமா நில்லுங்க” என்றார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ஃபைல் தூக்கவும் கூப்பிட்டார்கள். மையத்தின் பதிவேட்டில் அதற்குப் பெயர் கிளினிக்கல் பயிற்சி.

இடையில் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டு என்று தனியாக 6,000 வாங்கினார்கள். கொடுத்தது லேமினேட் செய்த கலர் ஜெராக்ஸ். உண்மையான கார்டு இப்போது மின்னணு வடிவில்தான் வரும், அதில் உள்ள குறியீட்டை யாரும் இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம், இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். அது பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேல்நிலை இதய உயிர்காப்பு) மாதிரியான பயிற்சிகளை முடித்ததற்கான அத்தாட்சி. உண்மைக் கார்டே இருந்தாலும் அதை வைத்து யாரும் இ.எம்.டி. ஆகிவிட முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர்கள் முகம் மாறியது. ‘சரிபார்ப்புக்கு’ என்று வாங்கி வைத்திருந்த ஒரிஜினல் மார்க்‌ஷீட்டுகளைத் தர மறுத்தார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் கட்டணம் என்று எங்கேயும் இல்லை, ‘டிரஸ்டுக்கு நன்கொடை’ என்று அச்சடித்திருந்தது. “முடிஞ்சா பாண்டிச்சேரி கோர்ட்ல வந்து கேஸ் போட்டுக்கோங்க” என்று மாமாவிடமே சொன்னார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்த பிறகு மார்க்‌ஷீட்டுகள் வந்தன. பணம் வரவில்லை.

அதற்கப்புறம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் நடந்த 108 ஆள் எடுப்பு முகாமுக்குப் போனேன். தமிழ்நாட்டில் 2008இலிருந்து ஓடும் சேவை இது. நர்சிங், டி.எம்.எல்.டி. (ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி மாதிரி பி.எஸ்சி. படித்தவர்களையும் மருத்துவ உதவியாளர் வேலைக்கு எடுக்கிறார்கள். முகாமில் கட்டணம் கிடையாது. மையத்தின் சான்றிதழை நீட்டினேன், “இது வேண்டாம்மா” என்று திருப்பித் தந்துவிட்டுப் பட்டச் சான்றிதழை மட்டும் பார்த்தார்கள். தேர்வு வைத்து எடுத்த பிறகு வகுப்பு, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். இப்போது நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். வண்டியிலிருந்து கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் கேட்டுத்தான் மருந்து கொடுக்கிறோம். நானே முடிவு செய்து கொடுப்பேன் என்று இங்கே யாரும் கிளம்புவதில்லை.

இதையே பட்டமாகப் படிக்க விரும்பினால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் என்ற ஓராண்டுச் சான்றிதழ் படிப்பும் உண்டு. ஒரு தனியார் மையத்தில்தான் சேர்வது என்றால், எந்த ஆஸ்பத்திரியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் என்று கேட்டு, அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போய் நர்சிங் சூப்பரின்டெண்டிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி மையங்கள் மழுப்ப ஆரம்பித்துவிடும். சான்றிதழில் கையெழுத்துப் போடும் அமைப்பு எது, அதன் இணையதளத்தில் இந்த மையத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். ரசீதில் நன்கொடை என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு: புதுச்சேரி மையம் என்பதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், நான் கடலூர் நுகர்வோர் ஆணையத்தில்தான் போட்டிருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பல்கலைக்கழகப் படிப்புகள் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புகள் இருப்பதை எதிர்த்தரப்பு கிளப்பும். அங்கீகாரமே இல்லாமல் காசுக்கு விற்ற பயிற்சி வேறு என்பது எங்கள் வக்கீலின் வாதம். ஏமாற்றியதற்குத் தனியாக, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் போலீஸ் புகாரும் கொடுக்கலாம்.

என்னோடு படித்த சிலர் மார்க்‌ஷீட் அவர்களிடம் இருக்கிறதே என்ற பயத்தில் இன்னும் வாய் திறக்கவில்லை. நீங்கள் இதைப் படித்தால், முதலில் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். நோட்டீஸ், வாட்ஸப்பில் வந்த ஆடியோ, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகச் சேர்ந்து போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. என் நம்பர் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, கூப்பிடுங்கள்.