டேப் இல்லாத டேங்க்: என் புல்வெட்டும் மெஷின் அனுபவம்

மெஷினின் கார்ப்ரேட்டரை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகத்தை, மறுபடியும் கழற்றிக் கழுவி மாட்டியாயிற்று. என்னைக் கண்டதும் சத்துவாச்சாரி மெக்கானிக் "இன்னா சார், அதேதானா?" என்றார். அதேதான். ராணிப்பேட்டையில் புது வீடு கட்டி முன்பக்கம் புல் போட்டிருக்கும் நண்பர் வேறு, பெட்ரோல் மெஷின் வாங்கலாமா, பேட்டரியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பில் கொடுத்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். வெட்டு பிரமாதம். என்னுடையது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த ரோட்டரி. அடியில் ஒரே ஒரு பிளேடு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று. பிளேடின் பின் ஓரம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். சுற்றுகிற வேகத்தில் அது காற்றை மேலே இழுக்க, படுத்துக் கிடக்கும் புல்லும் எழுந்து நின்று வெட்டு வாங்கிக்கொள்ளும். ஐப்பசி மழைக்குப் பிறகு காட்பாடியில் அருகும் கோரையும் வளர்கிற வளர்த்திக்கு இந்த இழுப்பு அவசியம். ஒரே தடவையில் ஒட்ட வெட்டாமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் உயரத்தைப் படிப்படியாக இறக்கினால் புல்லும் மஞ்சளிக்காது.

சிலிண்டர் மெஷின் வேறு ஜாதி. உருளையில் இருக்கும் கத்திகள், கீழே அசையாமல் நிற்கும் ஒரு கத்தியோடு உரசிக் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கிய முதல் மெஷினே அந்த ரகம்தான். கிரிக்கெட் மைதானத்துக்கு அதுதான் சரி. நம் பக்கத்து மண்ணில் ஒவ்வொரு மழைக்கும் புதிதாகக் கல் தலைகாட்டும். அந்த மெல்லிய கத்திகள் தாங்காது. என் ரோட்டரியும் ஒருமுறை கல்லில் மோதி நின்றது. எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தைச் சுழல்தண்டோடு பூட்டும் 'கீ' என்ற சின்னத் துண்டு வெட்டுப்பட்டு, கிராங்க் என்கிற அந்தத் தண்டு வளையாமல் தப்பித்தது. அதற்காகவே மெத்தென்ற உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு யோசித்தவர்கள் ஒரு டேப் வைக்க யோசிக்கவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

ஆமாம், பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு, பெட்ரோல் டேப். பழைய பைக்கில் எல்லாம் இருக்குமே, அதுதான். என் மெஷினில் டேங்குக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவே வெறும் ரப்பர் ட்யூப். வெட்டி முடித்ததும் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்ப்ரேட்டர் காய்ந்துவிடும், தொல்லை இல்லை. அது இல்லாததால் ஒவ்வொரு தடவையும் டேங்க் பெட்ரோலையே உறிஞ்சி எடுக்க வேண்டும். கார்ப்ரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தைக் கழற்றிக் காலி செய்யலாம் என்றால், அதன் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழைய இடமில்லை.

காலி செய்யாவிட்டால் என்ன? இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; தண்ணீர் அதிகமானால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். தினமும் ஓடும் வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. புல்வெட்டும் மெஷினோ கோடையில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டும்போது லேசான பெட்ரோலெல்லாம் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாக, கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் போகும் ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஜெட்டின் துளை ஊசிமுனை அளவு. அப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழன்றுபோகும். சோக், பிளக், ஏர் ஃபில்டர் என்று எதைப் பார்த்தும் பயனில்லை.

பேட்டரி மெஷினில் இந்த ராமாயணமே கிடையாது. பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றும். ஆனால் உயர்ந்து நிற்கும் ஈரப்புல்லில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். லித்தியம் பேட்டரிக்கு வெயிலும் ஆகாது. தகரக் கொட்டகையில் போட்டுவைக்கக் கூடாது, வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். கரண்டில் ஓடுவதற்கு ஒயர் பின்னாலேயே வரும், எனக்குப் பயம். ரோபோ எல்லாம் நம் கல்லுக்கும் செடிப்பாத்திக்கும் ஒத்துவராது.

வெட்டில் பெட்ரோல்தான் ஜெயிக்கிறது. இருந்தாலும் நண்பரே, பேட்டரியே வாங்குங்கள். உங்கள் புல் சின்ன இடம், மாலையில் ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது.

என்னுடையதை விற்கிற எண்ணம் இல்லை. ட்யூபை வெட்டி நடுவில் ஒரு டேப் போட்டுத் தருவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ஸ்ப்ரேயர்களுக்குப் போடும் அதே டேப், விலை சொற்பம். கம்பெனிக்காரன் செய்திருக்க வேண்டிய வேலைக்கு நான் காசு கொடுக்கிறேன். இல்லை, பெட்ரோல்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், கடையில் குதிரைசக்தி கேட்பதற்கு முன்னால் டேங்குக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். திருகுவதற்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டால் அடுத்த மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.